ஓநாயின் வாய்க்குள் அனுப்பப்பட்ட பிள்ளைகள்: மக்ரெப் பிரெஞ்சு இலக்கியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா ஆகிய நாடுகளின் எழுத்தாளர்கள் பிரெஞ்சில் எழுதிய நாவல்களைப் பற்றி வாசகர் கூட்டங்களில் சில முறை பேசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பேச்சு முடிந்து தேநீர் வரும்போது அதே சந்தேகங்கள்தான் வரும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். பெயர்களைத் தமிழில் எழுதுவதில் ஆளுக்கொரு முறை உண்டு. என் முறையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மக்ரெப்னா எந்த இடம்? இதை ஆப்பிரிக்க இலக்கியம்னு சொல்றதா, அரபு இலக்கியம்னு சொல்றதா?

மக்ரெப் என்ற அரபுச் சொல்லுக்குச் சூரியன் மறையும் திசை என்று பொருள். அரபு உலகின் மேற்கு ஓரம் அது. பிரான்ஸ் 1830இல் அல்ஜீரியாவுக்குள் நுழைந்தது, 1881இல் துனீசியாவையும் 1912இல் மொராக்கோவையும் பிடித்தது. பின்னிரண்டும் 'பாதுகாப்பு நாடுகள்'. பெயருக்காவது உள்ளூர் அரசர் இருந்தார். அல்ஜீரியா அப்படியில்லை. அதைப் பிரான்சின் மாவட்டங்களாகவே அறிவித்து ஐரோப்பியர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அதனால்தான் மற்ற இரண்டு நாடுகளும் 1956 மார்ச்சில் விடுதலை பெற்றுவிட, அல்ஜீரியா 1954 நவம்பர் முதல் 1962 வரை போரிட வேண்டியிருந்தது. நாவல்களிலும் இது தெரிகிறது. அல்ஜீரிய நாவலைத் திறந்தால் பெரும்பாலும் தெருவும் சிறையும் போரும் இருக்கும். மொராக்கோ நாவலைத் திறந்தால் வீடு இருக்கும், வீட்டுக்குள் ஒரு தகப்பன் இருப்பான்.

அரபு இலக்கியம் என்று மட்டும் சொன்னால் அல்ஜீரியாவின் கபிலியா மலைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது கபில் மொழி, அரபிக்கு முன்பே அங்கே இருந்த அமாசிக் (பெர்பெர்) மொழிகளில் ஒன்று. மற்றவர்கள் பேசுவது வட்டார அரபி. அதற்கும் எழுத்து அரபிக்கும் உள்ள தூரம், நம் பேச்சுத் தமிழுக்கும் செய்யுள் தமிழுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிரெஞ்சுக்காரனை விரட்டிட்டு அவன் பாஷையிலேயே எழுதறாங்களே, வெக்கமா இல்லையா?

எல்லாக் கூட்டத்திலும் முதல் கேள்வி இதுதான். எழுத்தாளர் ஏதோ கடையில் நின்று மொழியைத் தேர்ந்தெடுத்ததுபோல இந்தக் கேள்வி இருக்கிறது. தேர்ந்தெடுத்தது அவர்களுடைய அப்பா. பிள்ளைக்கு ஆறேழு வயதிருக்கும்போதே அது நடந்து முடிந்துவிட்டது. அல்ஜீரியாவின் காத்தெப் யாசீன் (1929–1989) தன் கதையை 1966இல் வந்த 'நட்சத்திரப் பலகோணம்' என்ற நூலின் கடைசிப் பக்கங்களில் சொல்கிறார். அப்பா ஒரு வழக்குரைஞர். பிரெஞ்சு தெரியாதவனுக்கு இந்த நாட்டில் எதிர்காலம் இல்லை என்று முடிவு செய்து பையனைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்க்கிறார். அதை ஓநாயின் வாய்க்குள் தள்ளியதாகத்தான் காத்தெப் எழுதுகிறார்.

அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு முக்கியம். அம்மா நன்றாகப் பாடல் கட்டுவாள், நடித்துக் காட்டுவாள், எல்லாம் அரபியில். பையன் பிரெஞ்சுப் பாடத்தில் மூழ்கிப்போகிறான். தனியாகிப்போன அம்மா ஒருநாள் அவனுடைய செய்தித்தாளையும் புத்தகத்தையும் கையிலெடுத்து, எனக்கும் அந்த மொழியைச் சொல்லிக்கொடு என்கிறாள். மகனைத் திரும்பப் பிடிக்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். காத்தெப் அதைத் தொப்புள்கொடி இரண்டாம் முறை அறுந்த நாள் என்கிறார். அம்மாவையும் அம்மாவின் மொழியையும் ஒருசேர இழந்தேன் என்று எழுதுகிறார். அந்த இழப்பையும் பிரெஞ்சில்தான் எழுதுகிறார். பின்னாளில் பிரெஞ்சை அவர் 'போரில் கைப்பற்றிய பொருள்' என்று சொன்னதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இந்த அம்மா கதையோடு சேர்த்துப் படிக்காவிட்டால் அது வெறும் வீரவசனமாகிவிடும்.

கலகம்னா பிரான்சுக்கு எதிரான கலகம்தானே?

தொடக்கம் அங்கேதான். முகம்மத் திப் 1952இல் எழுதிய 'பெரிய வீடு' நாவலில் ஒரு வகுப்பறை. இடம் த்லெம்சென் நகரம். தாய்நாடு என்றால் என்ன என்று ஆசிரியர் ஹசன் கேட்கிறார். வகுப்பில் ஒரே பாடத்தை இரண்டாவது ஆண்டாகப் படிக்கும் பையன் எழுந்து, பிரான்ஸ் நம் தாய்நாடு என்று ஒப்பிக்கிறான். பசியோடு உட்கார்ந்திருக்கும் ஓமருக்குக் குழப்பம். அம்மா வீட்டில் இருக்கிறாள், அவள் பெயர் அய்னி, அவள் பிரான்ஸ் இல்லை, எனக்கு இரண்டு அம்மா கிடையாது. அப்புறம் ஆசிரியரே குரலைத் தாழ்த்தி, பிரான்ஸ் உங்கள் தாய்நாடு என்பது உண்மையில்லை என்கிறார். அதை அவர் அரபியில் சொல்கிறார். வகுப்பறையில் அதற்குமுன் பையன்கள் கேட்டிராத அரபி. கோஷம் இல்லை, துப்பாக்கி இல்லை. ஓர் ஆசிரியர் மொழியை மாற்றினார், அவ்வளவுதான். அந்தக் காட்சியில் எனக்கு உடல் சிலிர்த்தது.

ஆனால் 1954இலேயே வேறொரு கலகமும் வந்துவிட்டது. மொராக்கோவின் திரிஸ் ஷ்ரைபி எழுதிய 'ல் பஸ்ஸே சேம்ப்ல்'. அதில் எதிரி வீட்டுக்குள் இருக்கிறான். பிள்ளைகள் 'பிரபு' என்று அழைக்கும் தகப்பன், பக்தி, பணம், அடி, மௌனம். கடைசித் தம்பி சாகிறான், அம்மா தற்கொலை செய்துகொள்கிறாள். பிரெஞ்சுப் பள்ளி கற்றுக்கொடுத்த சுதந்திரம், சமத்துவம் என்ற சொற்களை மகன் முதலில் அப்பா மேல்தான் வீசுகிறான். பிறகு அதே சொற்களைப் பிரெஞ்சுக்காரர்கள் தன் விஷயத்தில் கடைப்பிடிக்கவில்லை என்று கண்டு அவர்கள் மேலும் வீசுகிறான். தலைப்பில் ஒரு குறும்பு உண்டு. பிரெஞ்சு இலக்கணத்தில் அது ஓர் இறந்தகால வடிவத்தின் பெயர். யாரும் பேச மாட்டார்கள், புத்தகத்தில் மட்டும் வரும்.

அப்பாவைத் திட்டிப் புத்தகம் போட்டுட்டு அப்புறம் அதை வேண்டாம்னு சொல்லிட்டாராமே அந்த ஷ்ரைபி?

சொன்னார், உண்மைதான். நேரம் அப்படி. 1953 ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்கள் மொராக்கோவின் சுல்தானை நாடுகடத்தியிருந்தார்கள். நாடே கொதித்துக்கொண்டிருந்தபோது, நம் வீட்டுக் குப்பையை எதிரி முன்னால் கொட்டுகிறானே என்று தேசியவாதிகள் அவர்மேல் பாய்ந்தார்கள். பிரான்சின் வலதுசாரிகளோ, பார்த்தீர்களா, இவர்களுக்கு நம் ஆட்சி தேவை என்று நாவலைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். 1957இல் ஷ்ரைபி நாவலைத் தள்ளிவைத்தார், பின்னர் அப்படிச் செய்ததற்கு வருந்தினார். மொராக்கோவில் 1977 வரை நாவலுக்குத் தடை.

இவ்வளவோடு கதையை நிறுத்துபவர்கள் 1962இல் வந்த அவருடைய இன்னொரு நாவலை விட்டுவிடுகிறார்கள். அதே மகன் பல வருடம் கழித்துப் பிரான்சிலிருந்து ஊர் திரும்புகிறான். அப்பா இறந்துவிட்டார், சாவுக்கு வருகிறான். முந்தைய நாவலில் கொடுங்கோலனாக இருந்தவர் இதில் நிலத்தை உழுது குடும்பத்தைத் தாங்கிய மனிதராகத் தெரிகிறார். மகனுக்கு அவர் விட்டுப்போன சொத்து ஒரு வாக்கு: கிணறு தோண்டு, கீழே இறங்கு, வெளிச்சம் அடியில் இருக்கிறது. கலகம் செய்த கைதான் இதையும் எழுதியது. இவருக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று நான் வாசிக்கவில்லை. திட்டுவதற்கு எதிரே ஆள் இல்லாமல் போனபோதுதான் அந்த ஆள் யார் என்று பார்க்க அவருக்கு முடிந்திருக்கிறது.

ஏக்கம் ஏக்கம்னு சொல்றீங்களே, எதுக்கு ஏக்கம்? வெள்ளைக்காரன் காலத்துக்கா?

அந்த ஏக்கமும் உண்டு, ஆனால் அது வேறு ஆட்களுடையது. 1962இல் அல்ஜீரியாவை விட்டு லட்சக்கணக்கில் கப்பலேறிய ஐரோப்பியக் குடியேறிகள், 'கறுப்புக் கால்கள்' என்று அழைக்கப்பட்டவர்கள், வெயிலையும் கடலையும் பால்கனியையும் நினைத்து உருகியதற்குப் பிரெஞ்சில் 'நோஸ்தால்ஜேரி' என்றே ஒரு சொல் இருக்கிறது.

நாம் பேசும் எழுத்தாளர்களின் ஏக்கம் அம்மா பக்கம் போகிறது. முற்றம், அடுக்களை, மொட்டைமாடியில் பெண்கள் பேசும் பேச்சு, பள்ளிக்கூடம் நுழைவதற்கு முந்தைய காதுகள். முலூத் ஃபெராவுன் கபிலியா மலைக் கிராமத்தின் வறுமையை 'ஏழையின் மகன்' நாவலில் (1950) எழுதும்போது அதில் ஒட்டியிருக்கும் பிரியம் அந்த வகை. ஃபெராவுன் பள்ளி ஆசிரியர். 1962 மார்ச் 15 அன்று, போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு மூன்று நாள் முன்பு, குடியேறிகளின் ரகசிய ஆயுதக் குழுவான ஓ.ஏ.எஸ். அவரையும் உடனிருந்த ஐந்து கல்வி அதிகாரிகளையும் சுட்டுக்கொன்றது.

எனக்குத் தோன்றுவது இது: இந்த நாவல்களில் கலகம் தகப்பன் பக்கம், ஏக்கம் தாய் பக்கம். பள்ளிக்கு அனுப்பியவர் அவர், பின்னால் நின்றுபோனவள் இவள். இரண்டும் ஒரே காயம். எல்லா நாவலுக்கும் இது பொருந்தாது, கீழே அசியா ஜெபார் வரும்போது நானே இதை உடைக்க வேண்டியிருக்கும்.

காம்யுவும் அல்ஜீரியாக்காரர்தானே? அவரை ஏன் சேர்க்கலை?

ஆல்பெர் காம்யு 1913இல் அல்ஜீரியாவில் பிறந்தார், ஏழைக் குடியேறி வீட்டில். அந்த மண்ணின் வெயிலை அவரைப்போல எழுதியவர் குறைவு. வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியிட்ட 'அந்நியன்' வழியாகத் தமிழ் வாசகர்கள் பலருக்கு அல்ஜீரியா அறிமுகமானதே அவரால்தான். ஆனால் 1942இல் வந்த அந்த நாவலில் கடற்கரையில் கொல்லப்படும் அரபிக்குப் பெயர் இல்லை. 'அந்நியன்' படித்து முடித்த யாரிடமாவது செத்தவன் பெயரைக் கேட்டுப் பாருங்கள், புத்தகத்தைப் புரட்டித் தேடுவார்கள்.

71 ஆண்டு கழித்து, 2013இல், அல்ஜியர்ஸ் நகரின் பர்ஸாக் பதிப்பகம் கமெல் தாவுதின் நாவலை வெளியிட்டது. செத்தவனுக்கு அதில் மூசா என்று பெயர். கதை சொல்லும் கிழவர் ஹாரூன் அவன் தம்பி. காம்யு நாவல் அம்மா இறந்துவிட்டாள் என்று தொடங்கும், இது அம்மா இன்னும் உயிரோடிருக்கிறாள் என்று தொடங்கும். ஹாரூனும் ஒரு பிரெஞ்சுக்காரனைச் சுடுகிறான், ஆனால் விடுதலை வந்தபின், 1962 ஜூலையில். விசாரிக்கும் அதிகாரிக்குக் கொலையைப் பற்றிக் கவலையில்லை, ஏன் போர் நடக்கும்போதே கொல்லவில்லை என்பதுதான் கேள்வி. பிரெஞ்சு பற்றி ஹாரூன் சொல்லும் உவமை காத்தெபின் 'கைப்பற்றிய பொருளு'க்குப் பக்கத்து வீடு: குடியேறிகள் விட்டுப்போன வீடுகளின் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து எனக்கொரு வீடு கட்டிக்கொள்வேன்.

'நெஜ்மா'வை மூணு தடவை ஆரம்பிச்சுட்டு விட்டுட்டேன். என் மேல தப்பா, புத்தகத்து மேல தப்பா?

யார் மேலும் இல்லை. காத்தெப் யாசீனின் 'நெஜ்மா' (1956) நேர்கோட்டில் போகாது. முதல் பக்கத்தில் லக்தார் காவலறையிலிருந்து தப்பி வந்து நிற்கிறான். ஏன் உள்ளே போனான் என்பது பிறகுதான் தெரியும், அதுவும் துண்டு துண்டாக. ரஷீத், லக்தார், முராத், முஸ்தஃபா என்று நான்கு இளைஞர்கள், நால்வர் மனதிலும் நெஜ்மா என்ற ஒருத்தி. நெஜ்மா என்றால் விண்மீன். அவள் அம்மா பிரெஞ்சுக்காரி, அப்பா யார் என்பது உறுதியில்லை. அல்ஜீரியாவே அவள்தான் என்று விமர்சகர்கள் எழுதுவதை வாசித்துவிட்டு நாவலுக்குள் போகாதீர்கள், அவள் பேசும் நாலு வார்த்தையும் காதில் விழாமல் போய்விடும்.

நாவலின் நடுவில் இருப்பது 1945 மே 8. ஐரோப்பா நாஜிகளின் தோல்வியைக் கொண்டாடிய நாள். செத்தீஃப் நகரில் அல்ஜீரியர்களும் ஊர்வலம் போனார்கள், தங்கள் கொடியோடு. துப்பாக்கிச்சூட்டில் தொடங்கிய வன்முறையில் குடியேறிகள் கொல்லப்பட்டார்கள். பதிலுக்கு ராணுவமும் ஆயுதமேந்திய குடியேறிகளும் செத்தீஃப், கெல்மா, கெர்ராத்தா பகுதிகளில் வாரக்கணக்கில் கொன்றார்கள். அல்ஜீரிய அரசு சொல்லும் எண்ணிக்கை 45,000, வரலாற்றாசிரியர்கள் பலர் அதைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள். காத்தெபுக்கு அப்போது 15 வயது, செத்தீஃபில் மாணவன். கைதானான். மகன் செத்துவிட்டான் என்று நினைத்த அம்மாவுக்குப் புத்தி பேதலித்தது. மேலே பிரெஞ்சு கற்றுக்கொடு என்று கேட்டாளே, அதே அம்மா. இது தெரிந்தபின் அந்தச் சுழலும் காலம் வித்தையாகத் தெரியாது, ஒரே நாளையே திரும்பத் திரும்பச் சுற்றும் மனமாகத் தெரியும். இன்னொன்று: கையெழுத்துப் படியைப் பார்த்த பாரிஸ் பதிப்பாளர்கள், உங்கள் ஊரில் எவ்வளவு அழகான செம்மறி ஆடுகள், அவற்றைப் பற்றி எழுதக்கூடாதா என்று கேட்டதாகக் காத்தெப் பிற்பாடு சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பொம்பளைங்க எழுதலையா? எல்லாம் அப்பா-மகன் சண்டையாவே இருக்கே.

நியாயமான குறை. அசியா ஜெபார் (1936–2015) எழுதினார். அது புனைபெயர். 21 வயதில் முதல் நாவல் வந்தபோது வீட்டாருக்குத் தெரியாமலிருக்க வைத்துக்கொண்டது. 2005இல் பிரெஞ்சு மொழியின் காவல் அமைப்பான பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்வான முதல் மக்ரெப் எழுத்தாளர் அவர்தான். 1985இல் வந்த அவருடைய நாவலின் தொடக்கத்தில் ஓர் அரபுச் சிறுமி இலையுதிர்காலக் காலையில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். காத்தெபின் ஓநாய் வாய் இங்கே கதவாகிவிடுகிறது. அந்த அப்பா அழைத்துப்போகாவிட்டால் அவளும் மற்றப் பெண்களைப்போல முக்காட்டுக்குள் போயிருப்பாள். கலகம் தகப்பன் பக்கம் என்று நான் போட்ட கோடு இங்கே உடைகிறது.

அதே நாவலில் அம்மாவைப் பற்றி ஓர் அருமையான பகுதி. அவள் கணவனை 'அவர்' என்றுதான் சொல்வாள், பெயர் வாயில் வராது. (நம் பாட்டிகளைக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டாம்.) கொஞ்சம் பிரெஞ்சு கற்றதும், பிரெஞ்சுப் பெண்களிடம் பேசும்போது 'என் கணவர்' என்று தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்குகிறாள். பிறகு ஒருநாள் அப்பா பயணத்திலிருந்து ஒரு தபால் அட்டை போடுகிறார், அம்மா பெயரையே முகவரியில் எழுதி. தபால்காரன் கண்ணில் படும்படி! உறவுப் பெண்களிடையே அது பெரிய பேச்சாகிறது. ஆனால் இதே ஜெபார்தான் பிரெஞ்சை மாற்றாந்தாய் மொழி என்றும் சொன்னார். 1845இல் தஹ்ரா மலைக் குகைகளில் ஒளிந்திருந்த ஒரு குலத்தையே நெருப்பு மூட்டிப் புகையால் கொன்ற தளபதி பெலிஸ்யே எழுதிய அறிக்கையை ஆவணத்தில் படித்துவிட்டு, அதை அவ்வளவு விவரமாக எழுதியதற்காக அந்தக் கொலையாளிக்கு ஒரு விபரீத நன்றி சொல்கிறார். அவன் எழுதாவிட்டால் செத்தவர்கள் தடமே இருந்திருக்காது.

மொழி போச்சுன்னு அழுதாங்கன்னா, விடுதலைக்கப்புறமாவது தாய்மொழிக்குத் திரும்பியிருக்கலாமே?

சிலர் முயன்றார்கள். மாலெக் ஹத்தாத் பிரெஞ்சு என் நாடுகடத்தல் என்று சொல்லி, விடுதலைக்குப் பிறகு நாவல் எழுதுவதையே நிறுத்திவிட்டார். காத்தெப் 1970களில் வட்டார அரபியில் நாடகம் போட்டார், தொழிற்சாலைகளுக்கும் கிராமங்களுக்கும் குழுவோடு போனார். ரஷீத் புஜெத்ரா 1980களின் தொடக்கத்தில் எழுத்து அரபிக்கு மாறினார், பிற்பாடு பிரெஞ்சுக்கும் வந்தார். ஜெபார் பத்தாண்டுக்கு மேல் நாவல் வெளியிடாமல், கேமராவை எடுத்துக்கொண்டு கிராமத்துப் பெண்களின் பேச்சைப் பதிவு செய்தார்.

சிக்கல் என்னவென்றால் எந்தத் தாய்மொழி? முதல் பதிலில் சொன்ன தூரம் இங்கேதான் வருகிறது. அரசு கொண்டுவந்தது எழுத்து அரபியை, அம்மாக்கள் பேசியதை அல்ல. கபில் மொழிக்கோ பொதுவெளியில் இடமே தரவில்லை. 1980 மார்ச்சில் பழைய கபில் கவிதை பற்றி எழுத்தாளர் முலூத் மம்மெரி கபிலியாவின் திஸி வுசூ நகரில் பேசவிருந்த ஓர் உரையை அதிகாரிகள் தடுத்தார்கள். அதில் வெடித்த கிளர்ச்சிக்குத்தான் அமாசிக் வசந்தம் என்று பெயர்.

சொந்த நாடு, சொந்தக் கொடி. அப்புறமும் யாருக்கு எதிரா கலகம்?

சொந்தக் கொடிக்கு. 1965 மார்ச்சில் காசாபிளாங்காவில் மாணவர் கிளர்ச்சியை ராணுவம் ரத்தத்தில் அடக்கியது. மறு வருடம் ரபாத்தில் அப்துல்லத்தீஃப் லாபி முதலான இளைஞர்கள் 'சூஃப்ல்' என்ற இதழைத் தொடங்கினார்கள். மூச்சுகள் என்று பொருள். பிரெஞ்சை ஒழுங்காக எழுதுவதே அடிமைத்தனம் என்று வாக்கியத்தை உடைத்தார்கள். அவர்களில் ஒருவரான முகம்மத் கைர்-எத்தீன் தான் செய்வதை மொழிக் கெரில்லாப் போர் என்றார். 1960இல் நிலநடுக்கத்தில் தரைமட்டமான அகாதிர் நகரை வைத்து அவர் எழுதிய நாவலில் வாக்கியங்களும் இடிபாடுகளாகவே கிடக்கும். 1972இல் இதழுக்குத் தடை, லாபிக்குச் சிறை, 1980 வரை.

அல்ஜீரியாவில் ரஷீத் மிமூனி 1982இல் ஒரு நாவல் எழுதினார். போரில் செத்ததாகப் பதிவான ஒருவன் விடுதலைக்குப் பின் ஊர் திரும்புகிறான். நான் உயிரோடிருக்கிறேன் என்றால் அலுவலகம் நம்பாது, தாள் வேறு சொல்கிறது. தியாகிகள் பட்டியலில் இருப்பவன் திரும்பி வந்தால் எல்லோருக்கும் தொல்லை. 1990களின் உள்நாட்டுப் போரில் கலகத்தின் விலை இன்னும் ஏறியது. தஹர் ஜாவுத் என்ற கவிஞர், நாவலாசிரியர், இதழாளர் 1993 மே மாதம் வீட்டு வாசலில் சுடப்பட்டு ஒரு வாரத்தில் இறந்தார்.

பாரிஸ்ல அச்சடிச்சு பாரிஸ்ல பரிசு வாங்கறாங்க. இது யாருக்காக எழுதினது?

கடினமான கேள்வி, மழுப்ப மாட்டேன். தஹர் பென் ஜெலூன் 1987, லெய்லா ஸ்லிமானி 2016, கமெல் தாவுத் 2024 என்று பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் போயிருக்கிறது. அதில் பாரிசின் ரசனைக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. முக்காடு, கொடுமைக்காரத் தகப்பன், மதவெறி என்றால் அங்கே கதவு சீக்கிரம் திறக்கும். செம்மறி ஆடு கேட்ட பதிப்பாளரின் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஷ்ரைபிக்கு 1954இல் நேர்ந்தது இன்றும் நேர்கிறது: உள்ளே விமர்சித்தால் வெளியே ஆயுதமாகிறது.

ஆனால் பரிசு வாங்கிய தாவுதின் நாவல் 1990களின் உள்நாட்டுப் போரைப் பற்றியது. அந்தக் காயங்களை அரசுக்கு எதிராகக் கிளறுவதை அல்ஜீரியச் சட்டமே தண்டிக்கிறது, புத்தகத்துக்கு அங்கே கதவு மூடியது. ஊரில் அச்சிட முடியாததை வேறு எங்கே அச்சிடுவது?

யூதர் ஒருத்தர் இருக்காராமே, அவர் எந்தப் பக்கம்?

துனிசின் ஆல்பெர் மெம்மி (1920–2020). அம்மா பேசியது யூத அரபி. அரபிகளுக்கு யூதர், பிரெஞ்சுக்காரர்களுக்கு உள்ளூர்க்காரர், பணக்கார யூதர்களுக்குச் சேரிப் பையன். முதல் நாவலின் (1953) பெயர் 'உப்புச் சிலை'. எரியும் ஊரைத் திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிப்போன, பைபிளில் வரும் லோத்தின் மனைவி. திரும்பிப் பார்த்தால் கல்லாவாய் என்று தெரிந்தே முழு நாவலும் திரும்பிப் பார்க்கிறது. எந்தப் பக்கம் என்றால், அப்படி ஒரு பக்கம் கிடைத்திருந்தால் அந்த நாவலை எழுதியிருக்க மாட்டார்.

சரி, எதுல ஆரம்பிக்கறது?

பெரும்பாலானவை ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. 'அந்நியன்' படித்திருந்தால் உடனே தாவுத், இரண்டு நாளில் முடிந்துவிடும். அடுத்து ஷ்ரைபியின் இரண்டு நாவல்களையும் இடைவெளி விடாமல் படியுங்கள், முதலாவதோடு நிறுத்துவது அந்த அப்பாவுக்குச் செய்யும் அநியாயம். பிறகு ஜெபார். 'நெஜ்மா' கடைசியில், ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நான்கு பெயரையும் எழுதி, யார் எப்போது சிறையில் இருக்கிறான் என்று குறித்துக்கொண்டே போனால் நாலாவது தடவை முடித்துவிடலாம். எனக்கு அப்படித்தான் முடிந்தது.